பணம் தந்தீர்கள், இனி ஆட்களும் வேண்டும்: பிரித்தானியத் தமிழ்ச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானியாவில் உள்ள தமிழ்க் கோயில்களின் நிர்வாக சபையினருக்கும், பழைய மாணவர் சங்கங்கள், ஊர் ஒன்றியங்கள், தமிழ்ப் பாடசாலைகள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

தேம்ஸ் ஆற்றின் ஊற்றிலிருந்து தென்கிழக்கு இலண்டனின் வெள்ளத் தடுப்பணை வரை செல்லும் 184 மைல் ஆற்றோரப் பாதையை நான் நடந்து முடித்துவிட்டேன் என்பதை முதலில் அறியத் தருகிறேன். நீரிழிவு ஆராய்ச்சிக்கென்று நீங்கள் என்னை நம்பித் தந்த பணம் ஒரு சதமும் குறையாமல் ‘டயபிட்டிஸ் யூகே’ அமைப்பிடம் சேர்ந்துவிட்டது. கணக்கு விவரத்தை ஒவ்வொரு சபையின் செயலாளருக்கும் தனித்தனியே அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் தந்த விதத்தை நான் மறக்கமாட்டேன். ஒரு பழைய மாணவர் சங்கம் விளையாட்டுப் போட்டி அன்று கொத்துரொட்டி விற்ற இலாபம் முழுவதையும் உறையில் போட்டுக் கொடுத்தது. ஒரு தமிழ்ப் பாடசாலையின் பாலர் வகுப்புப் பிள்ளைகள் சில்லறைக் காசை ஜாம் போத்தலில் நிரப்பி, அதன் மூடியில் என் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதித் தந்தார்கள். கோயில் மண்டப வாசலில் நான் பெட்டியோடு நின்ற வெள்ளிக்கிழமைகளில், என்ன ஏது என்று கேட்காமலே பணத்தை மடித்துப் போட்டுவிட்டுப் போன முதியவர்கள் பலர். நம் சனம் கொடுக்கும் சனம். உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

இந்த மடலை எழுதுவது இன்னொன்றைக் கேட்பதற்காக. நீரிழிவு ஆராய்ச்சிக்கு நம்மிடமிருந்து பணத்தைவிட அவசரமாகத் தேவைப்படுவது நாம்தான். ஆய்வுகளில் பெயர் பதிந்து, இரத்த மாதிரி கொடுத்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வந்து போகிற தமிழர்கள் வேண்டும். பணத்தைப் பிறரும் தருவார்கள். நம் உடம்பு சொல்லும் செய்தியை நம்மைத் தவிர வேறு எவராலும் தர முடியாது.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். என் அப்பாவின் வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை. சலரோகம் எடுத்துக்கொண்டது. விரல்களை எடுப்பதற்கு முன்பு ஒரு நாள் பாத சிகிச்சைப் பிரிவுக்கு அவரை நான்தான் கூட்டிப்போனேன். தாதி ஒரு பிளாஸ்டிக் பிடியின் முனையில் இருந்த நைலோன் இழையை எடுத்தார். பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்ட இழை அது. “கண்ணை மூடிக்கொள்ளுங்கள், படும்போது சொல்லுங்கள்” என்றார். பெருவிரலின் அடியில் அழுத்தினார். இழை வில்லாக வளைந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். தாதி அடுத்த இடத்துக்குப் போனார், அதற்கடுத்த இடத்துக்கும் போனார். அப்பா இன்னும் காத்துக்கொண்டிருந்தார். ‘எப்போது தொடங்கப் போகிறீர்கள்’ என்று அவர் கேட்டபோது தாதி சோதனையை முடித்து, குறிப்பும் எழுதிவிட்டிருந்தார்.

நம் வீடுகளில் இது புதினமில்லை. உங்கள் சபையின் கூட்டத்தில் சுற்றிவரப் பாருங்கள். சட்டைப் பையில் மாத்திரைப் பெட்டி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், தேநீருக்குச் சீனி வேண்டாம் என்று கையைக் காட்டுபவர்கள் எத்தனை பேர், நாற்பது வயதிலேயே இன்சுலின் போடத் தொடங்கியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப்பாருங்கள். பிரித்தானியாவில் தெற்காசியப் பின்னணி கொண்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட இரண்டிலிருந்து நான்கு மடங்கு அதிகம். வருவதும் இளவயதில் வருகிறது. உடல் பெருக்காத ஆட்களுக்கும் வருகிறது.

நடைக்குத் தேம்ஸ் பாதையை நான் தேர்ந்தது அது வீட்டுக்குக் கிட்ட முடிகிறது என்பதற்காகத்தான். குளொஸ்டர்ஷயரில் கெம்பிள் கிராமத்துக்கு அருகே ஒரு மேய்ச்சல் நிலத்தில், மரத்தடியில் ஒரு கல் நாட்டியிருக்கிறார்கள். அதுதான் ஆற்றின் பிறப்பிடம். நான் போனபோது அங்கே ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை. லெச்லேட் வந்த பிறகுதான் படகு போகிற ஆறாகிறது. அந்த முதற்பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: சேறு, மாடுகள், வேலிப் படலைகள், நல்ல காற்று. ஒக்ஸ்ஃபோர்ட்டில் பாதையை விட்டு நகருக்குள் ஏறியபோதுதான், நான் எதற்காக நடக்கிறேன் என்பது எனக்கு முழுதாக விளங்கியது.

ஒக்ஸ்ஃபோர்ட்டின் பழைய ராட்கிளிஃப் வைத்தியசாலையைத் தளமாகக் கொண்டு, ரொபர்ட் டேர்னர் என்ற வைத்தியர் 1977இல் ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார். இரண்டாம் வகை நீரிழிவு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட 5,102 பேர் நாடெங்கும் 23 வைத்தியசாலைகளில் அதில் சேர்ந்தார்கள். சீனியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினால் கண்ணும் சிறுநீரகமும் தப்புமா என்பது அந்தக் காலத்தில் வைத்தியர்களுக்கே நிச்சயமில்லாத விடயம். முடிவு வெளிவர 1998 ஆயிற்று. தப்பும் என்று அது நிறுவியது: கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ப் பாதிப்புகள் நான்கில் ஒரு பங்கு குறைந்தன. இன்று உங்கள் குடும்ப வைத்தியர் மூன்று மாதச் சராசரிச் சீனி அளவைப் பார்த்து முகத்தைச் சுழிக்கிறார் என்றால், அந்த 5,102 பேர் இருபது ஆண்டு வரை கொடுத்த இரத்தமும் ஒரு காரணம். உடல் பருமனானவர்களுக்கு மெட்ஃபோமின் முதல் மாத்திரையாக வந்ததற்கும் அந்த ஆய்வு பெரிய ஆதாரம். அவர்களில் பத்தில் ஒருவர் இந்தியத் துணைக்கண்டப் பின்னணி உள்ளவர். யார் என்று நமக்குத் தெரியாது. அவர்கள் பெயரை எங்கும் கல்லில் வெட்டவில்லை. அவர்கள் வந்தார்கள், கையை நீட்டினார்கள், போனார்கள். அப்பாவின் கண்பார்வை இன்னும் இருக்கிறது. அந்தக் கட்டடத்தின் முன்னால் நின்று அவர்களுக்கு மனதுக்குள் கும்பிட்டுவிட்டுத்தான் ஆற்றங்கரைக்குத் திரும்பினேன்.

இதே மாதிரி மேற்கு இலண்டனில் இன்னொரு கதை இருக்கிறது. 1980களின் கடைசியில் சவுத்தோலிலும் பிரென்ட்டிலும் ஆயிரக்கணக்கான ஆண்களையும் பெண்களையும் அழைத்து, இடுப்பை அளந்து, இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சவுத்தோல் ஆட்களில் பெரும்பான்மை பஞ்சாபியர். நிறை ஒரே அளவாக இருந்தாலும் தெற்காசியர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடுதலாகச் சேர்கிறது, அவர்களுடைய உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை என்று 1991இல் வெளிவந்தது. உடல் நிறைச் சுட்டெண் 25 என்பது வெள்ளையருக்கு எச்சரிக்கை எல்லை என்றால், நமக்கு அது 23இலேயே தொடங்குகிறது என்று இந்நாட்டின் வழிகாட்டல் இன்று சொல்வது இவ்வகை ஆய்வுகளின் பலனால்தான். அந்தச் சீக்கியக் கிழவர்கள் வரிசையில் நின்றிராவிட்டால், ‘நீங்கள் மெலிவுதானே, பயமில்லை’ என்று சொல்லி நம்மில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்!

அண்மைக் காலத்தில் கிழக்கு இலண்டனில் ‘ஜீன்ஸ் அன்ட் ஹெல்த்’ என்ற ஆய்வில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பங்களாதேஷ், பாகிஸ்தான் பின்னணி மக்கள் உமிழ்நீர் கொடுத்துச் சேர்ந்திருக்கிறார்கள். பள்ளிவாசல்களிலும் சமூக மண்டபங்களிலும் போய்க் கேட்டுச் சேர்த்தார்கள். அதிலிருந்து என்ன வந்தது என்று பாருங்கள். மாரடைப்புக்குப் பின் கொடுக்கப்படும் குளோபிடோகிரல் என்ற மாத்திரையை முழுப் பலன் தரும்படி மாற்றிக்கொள்ள முடியாத மரபணு அமைப்பு, அவர்களில் 57 வீதமானவர்களிடம் இருக்கிறது என்று தெரிந்தது. இளவயதிலேயே நீரிழிவு வருவதற்கும், விரைவில் இன்சுலின் ஊசிக்குப் போவதற்கும் மரபணுவில் என்ன காரணம் என்பதும் அவர்களிடமிருந்து விளங்கத் தொடங்கியிருக்கிறது.

நாம் எங்கே? விண்ணப்பப் படிவத்தில் இந்தியர், பாகிஸ்தானியர், பங்களாதேஷியர், சீனர் என்று பெட்டிகள் இருக்கும். இலங்கைத் தமிழர் ‘ஏனைய ஆசியர்’ என்ற பெட்டியில் அடையாளமிட்டுவிட்டு வருகிறோம். அந்தப் பெட்டிக்குள் பிலிப்பைன்ஸ்காரரும் இருக்கிறார், நேபாளியும் இருக்கிறார். ஐந்து இலட்சம் பேர் பதிந்த யூகே பயோபாங்க் என்ற பெரும் ஆய்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றுநான்கு பேர் வெள்ளையர். மீதி ஆறு வீதத்துக்குள் உலகத்தின் மற்ற எல்லோரும் அடக்கம். அதில் தமிழரைத் தேடினால் எத்தனை பேர் கிடைப்பார்கள் என்று நீங்களே யோசியுங்கள். பஞ்சாபியருக்கும் வங்காளிகளுக்கும் பொருந்துவது நமக்கும் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். எண்ணிப் பார்க்காதவரை எவருக்கும் தெரியாது.

தமிழர் இதற்குப் பழக்கப்படாதவர்கள் என்று யாரும் சொல்லவேண்டாம். சென்னையில் வைத்தியர் அ. இராமச்சந்திரன் தலைமையில், நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. வழமையான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டில் 55 வீதமானவர்களுக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவைத் திருத்தி, ஒழுங்காக நடந்தவர்களில் அது 39 வீதமாகக் குறைந்தது. நாளுக்கு அரை மணி நேர நடை. மெட்ஃபோமின் மாத்திரை தந்த பாதுகாப்பும் ஏறத்தாழ அதே அளவுதான். நம் உணவும் நம் உடல்வாகும் உள்ளவர்களுக்கு நடை பலன் தரும் என்பதற்கு உலகம் காட்டும் சான்றுகளில் இது முக்கியமானது. அதைத் தந்தவர்கள் அந்த 531 பேர். சென்னையில் முடிந்தது ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் ஏன் முடியாது?

லாம்பெத் பாலத்தைத் தாண்டியதும், செயின்ட் தோமஸ் வைத்தியசாலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் பாதை ஒரு நீண்ட சுவரை ஒட்டிப் போகிறது. கொவிட்டில் இறந்தவர்களுக்காக, ஆளுக்கு ஒன்றாக, 2021 மார்ச்சில் கையால் வரையத் தொடங்கிய சிவப்பு இதயங்கள். வெயிலில் மங்கியவற்றுக்குத் தொண்டர்கள் மீண்டும் வண்ணம் பூசுகிறார்கள். எதிர்க்கரையில் பாராளுமன்றம். அந்தச் சுவரின் முன் நின்றபோது என் கூட வந்த மருமகன் கேட்டான், ‘மாமி, இவர்களில் எத்தனை பேர் நம் ஆட்கள்?’ என்று. முதல் அலையில் தெற்காசியப் பின்னணி மக்கள் வெள்ளையரைவிடக் கூடுதலான விகிதத்தில் இறந்தார்கள். நீரிழிவும் அதற்கொரு காரணம். அந்தக் காலத்தில் இறப்பைக் குறைக்கும் முதல் மருந்து எதுவென்று கண்டுபிடித்தது, ஒக்ஸ்ஃபோர்ட் நடத்திய ‘ரிக்கவரி’ ஆய்வு. செயற்கைச் சுவாசத்தில் கிடந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது டெக்ஸாமெதசோன் என்ற பழைய, மலிவான மருந்து. 2020 மார்ச்சில் தொடங்கிய ஆய்வுக்கு ஜூனில் விடை கிடைத்தது. மூச்சு விட முடியாமல் கிடந்தவர்களும் அவர்களின் குடும்பத்தாரும் ‘சரி, சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னதால் கிடைத்த விடை. அந்தப் பையனுக்கு நான் இதைத்தான் சொன்னேன்.

உங்கள் சபைகளில் எழக்கூடிய தயக்கங்கள் எனக்குத் தெரியும், ஏனென்றால் நிதி சேர்த்த காலத்தில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். ‘கோயிலில் வருத்தத்தைப் பற்றிப் பேசுவதா’ என்று ஓர் இடத்தில் கேட்டார்கள். வருத்தம் தீரவேண்டும் என்று நேர்ந்துகொண்டுதானே பாதிச் சனம் கோயிலுக்கு வருகிறது? ‘எங்களைப் பரிசோதனை எலி ஆக்கிவிடுவார்கள்’ என்றார்கள். எந்த ஆய்வும் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இல்லாமல் இங்கே தொடங்க முடியாது. என்ன செய்யப் போகிறார்கள் என்பதை எழுத்தில் தரவேண்டும். பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமலே எந்த நேரமும் விலகலாம், அதனால் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படாது. பெரும்பாலான ஆய்வுகளில் புதிய மருந்தே கிடையாது. கேள்விகள், ஒரு குழாய் இரத்தம், அவ்வளவுதான்.

இவற்றைவிட ஆழமான இரண்டு தயக்கங்கள் உண்டு, அவற்றை மரியாதையோடு எடுத்துக்கொள்ளவேண்டும். ஒன்று, கையொப்பம். சோதனைச் சாவடிகளிலும் முகாம்களிலும் விளங்காத மொழியில் எழுதப்பட்ட தாள்களில் கையொப்பம் வைத்த சனம் நாம். பெயரும் விலாசமும் எழுதித் தா என்று யாரும் கேட்டால் நெஞ்சு பதறுகிறது. அந்தப் பயத்தை இலண்டனில் அச்சடித்த ஆங்கிலத் துண்டுப் பிரசுரம் போக்காது. தமிழில், முகத்தைப் பார்த்து, கேட்ட கேள்வியையே நாலு தரம் கேட்டாலும் சலிக்காமல் சொல்லுகிற ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை உங்கள் மண்டபத்தில்தான் சனம் நம்பும். மற்றது, கலியாணம். குடும்பத்தில் பரம்பரை வருத்தம் என்று வெளியில் தெரிந்தால் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் வராதோ என்று தாய்மார் அஞ்சுகிறார்கள். ஆய்வு விவரங்கள் பெயர் நீக்கப்பட்டுத்தான் ஆய்வாளர் கைக்குப் போகின்றன என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். இன்னொன்றும் சொல்லுவேன்: சம்பந்தம் பேச வரும் வீட்டிலும் அதே மாத்திரைப் பெட்டி இருக்கிறது.

நீரிழிவுக்கு வெளியே ஒரு விடயத்தையும் இதோடு சேர்த்துச் சொல்லவேண்டும். இரத்தப் புற்றுநோய் வந்தவருக்குக் குருத்தணு (ஸ்டெம் செல்) தானம் தேடும்போது, வெள்ளையர் ஒருவருக்கு மிகப் பொருத்தமான கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு 72 வீதம் என்றும், சிறுபான்மை இனத்தவருக்கு அது 37 வீதம் என்றும் அந்தனி நோலன் அமைப்பு சொல்கிறது. பதினாறு முதல் முப்பது வயதுவரை உள்ளவர்கள் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் அவர்களின் பதிவேட்டில் சேரலாம். நம் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் திரளும் கலைவிழாக்களில் இதைச் செய்ய எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஊரில் கிணற்றடியில் ஒருவர் விழுந்தால் கூப்பிடாமலே ஓடிவந்த சனம் நாம். இங்கே கூப்பிட ஓர் ஆள் இல்லை என்பதுதான் குறை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. திருவிழாக் காலத்தில் ஒரு நாள், சனம் கூடும் இடத்தில், ஆராய்ச்சித் தாதி ஒருவர் உட்கார ஒரு மேசை கொடுங்கள். ஓகஸ்டில் ஈலிங் அம்மன் தேருக்கு வரும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்கள்தானே. அதில் நூறில் ஒருவர் பெயர் பதிந்தாலும் இந்நாட்டில் தமிழர் உடல்நலத்தைப் பற்றிய அறிவு மாறும். அர்ச்சனை அறிவிப்போடு சேர்த்து ஒலிபெருக்கியில் இரண்டு வரி சொல்லுங்கள். தேசிய சுகாதார சேவை வழியாக நடக்கும் ‘பி பார்ட் ஒஃப் ரிசர்ச்’ பதிவேட்டில் வீட்டிலிருந்தே சேரலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தமிழ்ப் பாடசாலைகளின் பெரிய வகுப்பு மாணவர்கள் தங்கள் அம்மம்மா, அப்பப்பாவுக்கு அதைச் செய்து கொடுக்கலாம். ஆய்வு விளக்கத் தாள்களைத் தமிழாக்கிச் சரிபார்க்க ஆசிரியர்கள் முன்வரவேண்டும். நான் பார்த்த வைத்தியசாலைகளில் உருதுவிலும் வங்காளத்திலும் குஜராத்தியிலும் தாள்கள் அடுக்கியிருந்தன. தமிழில் இல்லையா என்று கேட்டபோது, இதுவரை யாரும் கேட்கவில்லை என்றார்கள்.

கோயில்களிடம் மட்டும் ஒரு தனிக் கோரிக்கை. திருவிழாவின் ஒவ்வொரு நாளுக்கும் உபயகாரர் இருக்கிறார்கள். பத்து நாளில் ஒரு நாளை மருத்துவ ஆராய்ச்சிக்கான உபயமாக அறிவியுங்கள். அன்றைய பூசையும் அன்னதானமும் வழமைபோல் நடக்கட்டும். அன்று சேரும் மேலதிகக் காணிக்கை ஓர் ஆய்வு நிதிக்குப் போகட்டும், வருகிறவர்கள் மேசையில் பெயரையும் பதியட்டும். நீரிழிவில் காலை இழந்தவர்கள், கண்ணை இழந்தவர்கள், வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்கள் எல்லாம் உங்கள் அடியார்கள்தான். அவர்களுக்காக ஒரு நாள் உபயம் செய்வதை எந்தத் தெய்வமும் மறுக்கப் போவதில்லை.

உங்கள் அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஓர் அம்சமாகச் சேர்த்து, முடிவை எனக்கு அறியத் தாருங்கள். மாட்டோம் என்று முடிவானால் அதற்கான காரணத்தையும் எழுதுங்கள், வந்து பேச எனக்கு விருப்பம். சம்மதம் என்றால், எந்தச் சபை முதலில் அழைக்கிறதோ அங்கே முதலில் வருவேன். ஆராய்ச்சித் தாதியை ஒழுங்குசெய்து கூட்டிவருவது என் பொறுப்பு. தமிழில் விளக்கம் சொல்ல ஓய்வுபெற்ற வைத்தியர்கள் இருவர் ஏற்கெனவே சம்மதித்திருக்கிறார்கள். நீங்கள் தரவேண்டியது ஒரு மேசை, மூன்று கதிரைகள், செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச இடம்.

இப்படிக்கு,
உங்கள் நிதியோடு நடந்து முடித்தவள்,
தென் இலண்டன்